மூடிய பெட்டி

எங்கள் உணவகம் திங்கட்கிழமைகளில் பூட்டு. கிழமையில் அந்த ஒரு நாளில்தான் எங்களுக்குப் பகல் என்று ஒன்று இருக்கிறது. அடுப்பில் நிற்கும் அண்ணை, மரக்கறி வெட்டும் நண்பர், கோப்பை கழுவிக்கொண்டே இதை எழுத நினைத்த ஆள் என மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். எழுதுகிற கை ஒன்று. பேசிப் பேசி யோசித்தது மூன்று பேரும்.

பிராங்போர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு நகரம் இது. வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வந்து மூலை மேசையில் தனியே இருந்து சாப்பிடும் ஒரு ஜேர்மன் முதியவர், போன மாரியில் எங்களைத் தன் வீட்டுக்குக் கோப்பி குடிக்க அழைத்தார். போனோம். கோப்பிக்கு முன்னர் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய் லைற்றைப் போட்டார். அறை முழுக்க ஒரு ரயில் உலகம். மலை, சுரங்கம், ஆற்றுப் பாலம், தேவாலயம், ஸ்ரேசன், கைகாட்டி மரங்கள், மேடையில் பெட்டியுடன் நிற்கும் பெண். எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஆறடி மனிதன் அங்கே இரண்டு சென்ரிமீற்றர். முப்பது வருடம் கட்டினாராம். அந்தக் கிராமத்தில் எப்போதும் 1960ஆம் ஆண்டு. 1960இல் ஓடாத கார் ஒன்றோ, தொங்காத விளம்பரம் ஒன்றோ அங்கே கிடையாது என்று பெருமையுடன் சொன்னார். எஞ்சின் உடம்பிலுள்ள ரிவிற் ஆணிகள் அசலில் உள்ள அதே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ‘ஆணி எண்ணுபவர்கள்’ என்று பகிடியாகச் சொல்வார்களாம்.

சுவிச்சைத் திருப்பினார். ஒரு கறுப்பு நீராவி எஞ்சின், பின்னால் மண்ணிறத்தில் மூடிய சாமான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது. அழகாயிருந்தது. அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, தனது உடைந்த ஜேர்மனில், இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

முதியவர் சிரித்தார். ஒன்றுமில்லை, வெறும் பெட்டிகள்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேலே வந்து கோப்பி ஊற்றும்போது தானாகவே சொன்னார்: அவருடைய தகப்பன் ரயில்வேயில் கைகாட்டிக்காரர். 1942இலும் 43இலும் போலந்துக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். திரும்பி வந்தபின் அந்த இரண்டு வருடம் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. ‘நானும் கேட்கவில்லை’ என்றார் முதியவர்.

வீடு திரும்பும்போது அண்ணை சொன்னார்: “தம்பி, உந்தப் பெட்டியை நான் படத்தில பாத்திருக்கிறன். மனுசர் ஏத்தின பெட்டி.”

இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒருவன் செய்யும் வேலை சிறியது, நேர்மையானது, நுணுக்கமானது. ஆனால் அவ்வேலை எதன் பகுதி என்பதை அறிந்துகொள்ளும் கடமை அவனுக்கு உண்டா? தெரியாது என்று சொல்வது எப்போது உண்மை, எப்போது குற்றம்?

*

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

நாஜிகள் காலத்து ஜேர்மன் அரச ரயில்வேயின் பெயர் ரைக்ஸ்பான். போர்க்காலத்தில் அதில் சுமார் 14 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அதன் தலைவராக 1926இல் வந்த யூலியஸ் டோர்ப்முல்லர், 1937 தொடக்கம் போர் முடியும்வரை போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தவர். ஹிட்லருக்கு முன்னரே உருவான, ஒழுங்குக்கும் நேரந்தவறாமைக்கும் பெயர்போன ஒரு நிறுவனம் அது. கொல்வதற்காகக் கட்டப்பட்டதல்ல. நிலக்கரியையும் உருளைக்கிழங்கையும் விடுமுறைக்குப் போகும் குடும்பங்களையும் ஏற்றிய அதே தண்டவாளம், அதே ஆட்கள்.

ஐரோப்பா முழுவதிலுமிருந்து சுமார் 30 லட்சம் மனிதர்கள் ரயில்களிலேயே சாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஐக்மனின் அலுவலகம் ஆட்களைப் பிடித்துத் தரும். ஆனால் அதற்கு ஒரு எஞ்சின்கூடச் சொந்தமாக இல்லை. பெட்டி, எஞ்சின், சாரதி, பாதை, நேரம் எல்லாவற்றையும் ரயில்வேயிடம் கேட்டே பெறவேண்டும். ரயில்வே அவற்றை ‘விசேட ரயில்’ என்ற வகையில் போட்டது. உல்லாசப் பயணக் கூட்டங்களுக்கும் அதே வகைதான்.

கட்டணமும் அப்படியே. மூன்றாம் வகுப்புக் கட்டணம் கிலோமீற்றருக்கு 4 பெனிக். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். 400 பேருக்கு மேற்பட்ட கூட்டமானால் பாதிக் கழிவு. ஏற்றப்பட்டவர்களுக்கு ஒருவழி ரிக்கற். காவலுக்குப் போனவர்களுக்கு இருவழி. இந்தக் கணக்கை எழுதிய எழுதுவினைஞர்களுக்கு ஒருவழி என்றால் என்ன, இருவழி என்றால் என்ன என்று விளங்காமலா இருந்திருக்கும்? ஜேர்மனியிலிருந்து ஏற்றப்பட்ட பலரிடம் அந்தக் கட்டணம் அவர்களுடைய பணத்திலிருந்தே அறவிடப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான் பெட்டி என்பது எம் மனதில் பதிந்துவிட்ட படம். கிழக்கில் அது உண்மை. ஆனால் பேர்லினிலிருந்தும் பிராங்போர்ட்டிலிருந்தும் போன பல ரயில்களில் பழைய மூன்றாம் வகுப்புப் பயணிகள் பெட்டிகளே பூட்டப்பட்டிருந்தன. ஆசனம் இருந்தது, யன்னல் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது ஒரு சாதாரண ரயிலாகவே தெரிந்திருக்கும்.

1942 யூலை 28ஆம் திகதி, போக்குவரத்து அமைச்சின் செயலாளர் அல்பேர்ட் கன்சென்முல்லர், ஹிம்லரின் உதவியாளர் கார்ல் வொல்ஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். யூலை 22 தொடக்கம் நாளொன்றுக்கு ஒரு ரயில், ஒவ்வொன்றிலும் 5000 யூதர்கள், வார்சோவிலிருந்து மல்கினியா வழியாக ட்ரெப்ளிங்காவுக்குப் போகிறது என்பது அதன் சாரம். ஒரு பொறியியலாளர் எழுதும் கடிதம்தான். திட்டும் இல்லை, வெறுப்பும் இல்லை. வொல்ஃப் மகிழ்ச்சி தெரிவித்துப் பதில் எழுதினார். கன்சென்முல்லர் மீதான வழக்கு 1973இல்தான் டுசல்டோர்ஃபில் தொடங்கியது. அவரது உடல்நிலை காரணமாக இடையில் நின்றுபோனது. அவர் 1996இல் இறந்தார்.

*

குளோட் லான்ஸ்மன் எடுத்த ‘ஷோஆ’ 1985இல் வெளிவந்தது. ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் படம். பழைய ஆவணப்படத் துண்டு ஒன்றுகூட அதில் இல்லை. பிணக் குவியல் இல்லை. மனிதர்கள் பேசுகிறார்கள், ரயில்கள் ஓடுகின்றன. நாங்கள் அதை நான்கு திங்கட்கிழமைகளில் பார்த்து முடித்தோம்.

அதில் மூன்று ரயில்வே மனிதர்கள் நிற்கிறார்கள் என்று சொல்லலாம். ஒருவர் ஹென்றிக் கவ்கோவ்ஸ்கி, ட்ரெப்ளிங்காவுக்கு எஞ்சின் ஓட்டிய போலந்துச் சாரதி. லான்ஸ்மன் ஒரு எஞ்சினை வாடகைக்கு எடுத்து அவரைத் திரும்ப அதில் ஏற்றுகிறார். வயது போன அந்த மனிதர் யன்னலால் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக் கழுத்தை வெட்டுவதுபோலக் கையால் காட்டுகிறார். பின்னாலிருந்து வந்த அலறல் கேட்டது என்றும், தங்களுக்கு வொட்கா தரப்பட்டது என்றும், குடிக்காமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்றும் சொல்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததன் பாரம் முகத்தில் இருக்கிறது.

மற்றவர் வால்ரர் ஸ்ரியர். விசேட ரயில்களை ஒழுங்குசெய்த பிரிவின் தலைவராயிருந்த ஜேர்மனியர். தான் மேசையைவிட்டு எழும்பவேயில்லை என்கிறார். இரவுபகலாக வேலை, ஒரு ரயிலையும் கண்ணால் கண்டதில்லை, ட்ரெப்ளிங்கா என்பது தனக்கு ஒரு சேருமிடம் மட்டுமே என்கிறார்.

மூன்றாமவர் ரயில்வே ஊழியரல்ல. ராவுல் ஹில்பேர்க் என்ற வரலாற்றாசிரியர். ஒரு தாளைக் கையில் பிடித்து வாசிக்கிறார். ரயில் நேர உத்தரவு, இலக்கம் 587. எந்த ஊரில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் புறப்படும், எத்தனைக்குச் சேரும் என்று எழுதியிருக்கிறது. அதன்மேல் ‘இரகசியம்’ என்ற முத்திரைகூட இல்லை. அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்றே இருக்கிறது. பாதையிலுள்ள ஒவ்வொரு சின்ன ஸ்ரேசனுக்கும் அது போகவேண்டுமே! நிறைந்து போகும் ரயில் வெறுமையாகத் திரும்புகிறது. அதற்கும் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. வாசிக்கத் தெரிந்த எவனுக்கும் அந்த இரண்டு வரிகள் போதும்.

ஸ்ரியருக்குத் தெரியாது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் பொய் சொல்கிறார் என்று முடித்துவிடுவது சுலபம். எங்களுக்குப் பயம் தருவது வேறொன்று. அவர் பாதி உண்மையும் சொல்லியிருக்கலாம். தெரியாமலிருப்பதும் ஒரு வேலைதான். அதையும் ஒழுங்காகச் செய்யப் பழகலாம். கேள்வி வரும் இடத்தில் தலையைத் திருப்பிக்கொள்ள, அடுத்த தாளை எடுக்க, நேரமாகிவிட்டது என்று சொல்ல. நாளடைவில் அது முயற்சியில்லாமலே வந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மனிதரை வைத்துப் பார்க்கிறோம். பிரான்சிஷெக் சோம்பெற்ஸ்கி, ட்ரெப்ளிங்கா ஸ்ரேசனில் ரயில்களைக் கடத்திவிடும் வேலையில் இருந்த போலந்துக்காரர். இரகசிய எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தவர். ஜேர்மன் இராணுவ ரயில்களைக் கண்காணிக்கவே அங்கு வைக்கப்பட்டவர். கண்ணுக்கு முன்னால் வேறு ரயில்கள் வரத் தொடங்கின. பெட்டிகளில் உள்ளே எத்தனை பேர் என்று சோக்கால் எழுதியிருக்கும். அவர் அந்த எண்களைப் பார்த்துக் கணக்கு வைத்துக்கொண்டார். 1944இல் ஜேர்மனியர் காகிதங்களை அழித்துவிட்டுப் பின்வாங்கியபோது சில சரக்குப் பத்திரங்களை ஒளித்து வைத்தார். பின்னர் டுசல்டோர்ஃபில் நடந்த வழக்குகளில் சாட்சி சொன்னார்.

ஸ்ரியரும் சோம்பெற்ஸ்கியும் ஒரே தொழில். இருவர் கையிலும் பென்சில். இருவருக்கு முன்னாலும் எண்கள். சோம்பெற்ஸ்கியாலும் ஒரு ரயிலையும் நிறுத்த முடியவில்லை. ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் விட்டுவிடவில்லை.

*

வேறு படங்களையும் பார்த்தோம். ஜோன் பிராங்கென்ஹைமரின் ‘த ட்ரெயின்’ 1964இல் வந்தது. பாரிசிலிருந்து ஓவியங்களைக் களவாக ஜேர்மனிக்கு ஏற்றிப் போகும் ரயிலைப் பிரெஞ்சு ரயில்வேத் தொழிலாளர்கள் மறிக்கிறார்கள். ஸ்ரேசன் பெயர்ப் பலகைகளை மாற்றி எழுதி, ரயில் ஜேர்மனிக்குள் போய்விட்டது என்று ஜேர்மனியரையே நம்பவைத்து வட்டமடிக்க விடுகிறார்கள். பேர்ட் லங்காஸ்ரர் நடித்த அந்த மனிதனுக்கு ஓவியம் பற்றி அக்கறையில்லை. இறுதியில் தண்டவாளத்தருகே ஓவியப் பெட்டிகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பணயக்கைதிகளும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். பெட்டிகளின்மேல் பெரிய ஓவியர்களின் பெயர்கள். செத்தவர்களுக்குப் பெயர் எழுதியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் நிஜக்கதை இன்னும் அடக்கமானது. 1944 ஓகஸ்டில் அந்த ஓவிய ரயில் பாரிசுக்கு வெளியே ஓல்னே என்ற இடத்தைத் தாண்டவில்லை. துப்பாக்கிச் சண்டையால் அல்ல. பத்திரம் சரியில்லை, எஞ்சின் இல்லை, பாதை இல்லை என்ற தாமதங்களால். நேரந்தவறாமையால் ரயிலை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, அதே காகிதங்களால் நிறுத்தவும் தெரிந்திருந்தது. இது எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. சின்ன வேலைக்காரனால் ஒன்றும் செய்ய முடியாது என்பது முழு உண்மையல்ல.

லார்ஸ் வொன் ட்ரியரின் ‘யூரோப்பா’ (1991) இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1945இல் ஜேர்மன் வம்சாவளி அமெரிக்க இளைஞன் ஒருவன், அழிந்த ஜேர்மனிக்கு நல்லெண்ணத்துடன் வந்து, ரயிலில் படுக்கைப் பெட்டி நடத்துனராகச் சேர்கிறான். எந்தப் பக்கமும் சேராமல் தன் வேலையைச் செய்தால் போதும் என்று நினைக்கிறான். எல்லாப் பக்கமும் அவனைப் பயன்படுத்துகின்றன. இறுதியில் ரயிலுடன் ஆற்றில் மூழ்குகிறான். வேலைக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை என்கிறது படம்.

*

இப்போது நிலவறைக்குத் திரும்புவோம்.

மாதிரி ரயில்காரர்களிடம் காலக் கணக்கு ஒன்றுண்டு. ரயில் வரலாற்றை எண்ணிட்ட காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் காலம் 1920 தொடக்கம் போர் முடிந்த காலம்வரை. மூன்றாம் காலம் ஐம்பதுகளும் அறுபதுகளும். மூன்றாம் காலத்துக்குத்தான் மவுசு அதிகம். எஞ்சினில் இன்னும் புகை இருக்கிறது. நாட்டில் போர் இல்லை. இரண்டாம் காலத்து வண்டிகளையும் விற்கிறார்கள். ஆனால் நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதை ஜேர்மன் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே கழுகு இருக்கும், அதன் காலடியில் இருந்த சின்னம் இருக்காது. சட்டம் சரியானதே. ஆனால் ஆணியெல்லாம் எண்ணி வைத்த வண்டியில் அந்த ஒரு இடம் மட்டும் வெறுமை.

முதியவரின் கறுப்பு எஞ்சினுக்கும் வரலாறு உண்டு. 52ஆம் வகை. 1942 தொடக்கம் கிழக்குப் போர்முனைக்காக அவசர அவசரமாகக் கட்டப்பட்ட ‘போர் எஞ்சின்’. இன்றியமையாதவை அல்லாத பாகங்களைக் கழித்து, ஆறாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். வெற்றிக்காகச் சில்லுகள் உருளவேண்டும் என்று சுவரெல்லாம் எழுதிய காலம். போர் முடிந்தபின்னும் அவை பல நாடுகளில் பல வருடங்கள் ஓடின. ஆகவே முதியவரின் 1960ஆம் ஆண்டுக் கிராமத்தில் அந்த எஞ்சின் நிற்பது முற்றிலும் சரி. பிழை ஒன்றுமில்லை. அந்தச் சரிதான் எங்களைக் குழப்புகிறது. எல்லாம் உண்மையாயிருந்தும் ஒன்று சொல்லப்படாமல் இருக்கலாம்.

மாதிரி ரயில் கட்டுபவர்களைக் குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமல்ல. சிறுவயதில் எஞ்சினைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் கிழவனாகியும் சந்தோஷப்படுவதில் என்ன பாவம்? நிலவறையில் மரண முகாம் ஒன்றைக் கட்டிச் சுவிச் போட்டு ஓட்டுவதை யாரும் விரும்பமாட்டார்கள், அது அருவருப்பு. விளையாட்டுக்குள் வராமல் இருக்கவேண்டியவை உண்டு. எங்கள் கேள்வி விளையாட்டைப் பற்றியதல்ல. நிலவறைக்கு மேலே, கோப்பி மேசையில் கேட்கப்படாமல் போன கேள்வியைப் பற்றியது.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மட்டுமே படித்த தத்துவத்தில் எங்களிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம். அதில் ஒன்று கார்ல் யாஸ்பேர்ஸ். 1946இல், நாடு இடிபாடாய்க் கிடக்கும்போதே, ஜேர்மன் குற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றம், அதற்கு நீதிமன்றம். தன் அரசின் செயலுக்குப் பிரஜை என்ற வகையில் ஏற்கவேண்டிய அரசியல் குற்றம். தான் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் மனச்சாட்சியே நீதிபதியான ஒழுக்கக் குற்றம். நான்காவது, பக்கத்தில் மனிதன் கொல்லப்படும்போது நாம் உயிரோடிருந்தோமே என்பது. அதற்குக் கடவுள் மட்டுமே நீதிபதி.

கைகாட்டிக்காரரை எந்த நீதிமன்றமும் தண்டித்திருக்காது. அவர் கைகாட்டியை இறக்காமல் விட்டிருந்தால் இன்னொருவர் இறக்கியிருப்பார். அவர் போர்முனைக்குப் போயிருப்பார். பிள்ளைகுட்டிக்காரர். இதையெல்லாம் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கென்ன, எண்பது வருடத்துக்குப் பிறகு, சூடான அறையில் இருந்துகொண்டு கேட்பது சுலபம். முன்னர் வேலை செய்த ஒரு உணவகத்தில் விசா இல்லாத பையன் ஒருவன் எங்களில் பாதிச் சம்பளத்துக்கு இரண்டு மடங்கு வேலை செய்தான். அவன் எங்கே படுக்கிறான் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வேலை வெங்காயம் வெட்டுவது. ஒருநாள் அவன் வரவில்லை. அதையும் கேட்கவில்லை. இதை அந்தப் பெருங்கொடுமையுடன் ஒப்பிடச் சொல்லவில்லை. கேளாமலிருக்கும் பழக்கம் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று காட்டவே சொன்னோம்.

*

பேர்லினில் குருனேவால்ட் ஸ்ரேசனில் 17ஆம் இலக்கப் பாதை இருக்கிறது. 1941 ஒக்ரோபர் 18ஆம் திகதி பேர்லின் யூதர்களின் முதலாவது ரயில் அந்த ஸ்ரேசனிலிருந்து புறப்பட்டது. 1994இல் உருவான இன்றைய ஜேர்மன் ரயில் நிறுவனம் 1998 ஜனவரி 27ஆம் திகதி அங்கே ஒரு நினைவிடத்தைத் திறந்தது. மேடை விளிம்பில் 186 உருக்குத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி, எத்தனை பேர், எங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவ்வளவுதான். சிலவற்றில் ஆயிரம் பேர், சிலவற்றில் நூறு, சிலவற்றில் அதற்கும் குறைவு. தண்டவாளத்துக்கிடையே மரங்கள் வளர விடப்பட்டிருக்கின்றன. இனி அங்கிருந்து ரயில் புறப்படாது. ஒரு வருடம் லீவு கிடைத்தபோது போய் அந்த மேடையின் இரண்டு பக்கமும் நடந்தோம். நேர அட்டவணையில் இருந்த அதே விபரங்கள்தான் அங்கே. அன்று மறைக்க உதவிய நுணுக்கம், இன்று காட்ட உதவுகிறது. ஆணி எண்ணுவதில் பிழையில்லை. எதை எண்ணாமல் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம்.

இதுவும் சுலபமாக வந்ததல்ல. 2007 நவம்பரில் பொதுமக்கள் அமைப்பொன்று, ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளின் படங்களுடன் ‘நினைவின் ரயில்’ என்ற கண்காட்சியை ஊர் ஊராக ஓட்டியது. தண்டவாளத்துக்கும் ஸ்ரேசனுக்கும் ரயில் நிறுவனம் கட்டணம் அறவிட்டது. விதி விதிதான் என்ற பதில். பலர் கோபப்பட்டார்கள். 2008 ஜனவரியில் நிறுவனமே ‘சாவுக்குப் போன விசேட ரயில்கள்’ என்று தனிக் கண்காட்சி ஒன்றை வைத்தது.

பிராங்போர்ட்டில் 1928இல் திறந்த பெரிய மரக்கறிச் சந்தை மண்டபம் ஒன்றுண்டு. 1941 ஒக்ரோபர் 19 தொடக்கம் அதன் கிழக்குப் பக்க நிலவறையில்தான் இந்நகரத்து யூதர்களைக் கூட்டிச் சோதித்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ரயிலேற்றினார்கள். சுமார் பத்தாயிரம் பேர். அந்நாட்களிலும் சந்தை நடந்தது. போருக்குப் பிறகும் 2004வரை சந்தையாகவே இருந்தது. இப்போது அவ்விடத்தில் ஐரோப்பிய மத்திய வங்கி நிற்கிறது. 2015இல் நினைவிடம் திறந்தார்கள். அண்ணை தொண்ணூறுகளில் அப்போதைய முதலாளியுடன் விடிய நான்கு மணிக்கு அந்த மண்டபத்துக்குப் போய்த் தக்காளிப் பெட்டி தூக்கியவர். “எத்தினை வருசம் போய் வந்தன். ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எனக்கென்ன தெரியும், நான் அகதி” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே பேசாமல் இருந்தார்.

*

அகதிகளாகிய நாம் இந்தக் கதைகளைக் கேட்கும்போது எப்போதும் எம்மைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறோம். அதற்கு நியாயம் உண்டு. பட்டது கொஞ்சமல்ல. ஆனால் எஞ்சினில், கைகாட்டியடியில், மேசையில், பார்த்துக்கொண்டு நின்ற மேடையில் எம்மை ஒருபோதும் வைத்துப் பார்ப்பதில்லை.

இதை எழுதும் எங்களுக்கு ரயிலே இல்லாத பிள்ளைப்பருவம். 1990இல் யாழ்தேவி நின்றுபோனது. அம்மம்மா சொல்லும் ‘கோச்சி’ எங்களுக்கு ஒரு கதை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எங்களுக்குப் பங்கரின் கூரை. 2014இல் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது நாங்கள் இங்கே வந்துவிட்டோம். அதே 1990இல், ஒக்ரோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரம் பேருக்கு மேல். அது வெளியேற்றம், இனத்தையே கொன்றொழித்த ரயில்களுடன் அதை ஒரே தராசில் வைப்பது வரலாற்றுக்கும் இறந்தவர்களுக்கும் செய்யும் அநியாயம். நாம் ஒப்பிடுவது நடந்தவற்றை அல்ல. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் மௌனத்தை.

அப்போது எங்களுக்கு மூன்று வயது. ஞாபகம் ஒன்றுமில்லை. வீட்டில் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அந்தக் கார்த்திகையில் அப்பா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்ததாம். ‘மலிவாய் வந்தது’ என்பதே வீட்டில் சொல்லப்பட்ட முழுக்கதை. அதில்தான் அம்மா ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்தா. அந்தக் காசில்தான் நாங்கள் படித்தோம். ஜேர்மனியில் ஏற்றிச் செல்லப்பட்ட யூதர்களின் தளபாடங்கள் பகிரங்கமாக ஏலத்தில் போயின, அயலவர்கள் வாங்கினார்கள் என்று வாசித்த அன்று இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. அப்பா இப்போது இல்லை.

முதியவர் வீட்டுக்குப் போய்வந்த அடுத்த திங்கட்கிழமை அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தோம். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் கேட்டோம்: “அம்மா, அந்த மெஷின் ஆருடையது?”

கனநேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தோம். பிறகு அம்மா ஒரு பெயரைச் சொன்னா. எந்தத் தெருவில் கடை, எத்தனை பிள்ளைகள், பெருநாளுக்கு யாருடைய சட்டையை எங்கே கொடுத்துத் தைப்பித்தோம் என்றெல்லாம் சொன்னா. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றையும் மறக்கவில்லை. “நீ கேக்கேல்லை, நான் சொல்லேல்லை” என்றா.

அந்தக் குடும்பம் புத்தளத்தில் இருக்கலாம். தேடிக்கொண்டிருக்கிறோம். கண்டால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியாது. மெஷினைத் திருப்பிக் கொடுப்பதால் ஒன்றும் ஈடாகாது என்பது தெரியும்.

முதியவர் வெள்ளிக்கிழமைகளில் வழமைபோல வருகிறார். தகப்பனின் பழைய வேலைப் பதிவுகளைக் கேட்டு ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருப்பதாகப் போன கிழமை சொன்னார். பதில் இன்னும் வரவில்லை.